இரண்டு மருந்துப் புத்தகங்கள்

மிதோரி இகராஷியிடம் இரண்டு மருந்துப் புத்தகங்கள் இருந்தன. பூப்போட்டதைத் தெருக்கோடி மருந்துக்கடையில் நெஞ்செரிச்சல் மாத்திரைக்குக் காட்டுவாள். சாம்பல் நிறத்தது, மூன்று ரயில் நிலையம் தள்ளியிருக்கும் மருந்துக்கடையில், மனநல மருத்துவர் எழுதித்தரும் மாத்திரைக்கு. ஜப்பானில் எங்கே மருந்து வாங்கினாலும் கடைக்காரர் அதை ஒரே புத்தகத்தில் பதிந்து தருவதுதான் வழக்கம். ஆனால் தெருக்கோடிக் கடைக்காரரின் மனைவி இவளோடு பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்பவள். மனநல மாத்திரை சாப்பிடும் விஷயம் அவள் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம்.

அந்த மாத்திரையால்தான் இரண்டு மாதமாகப் படுக்கையை விட்டு எழுந்து, முந்நூறு பிள்ளைகளுக்கு மிசோ சூப் காய்ச்சப் போகிறாள். அதே இரண்டு மாதமாக, குனிந்தால் தொண்டைவரை புளித்து எரிகிறது. எரிச்சலோடு அண்டா முன் நிற்க முடியவில்லை. மாத்திரையை விட்டாலோ மறுபடி படுக்கைதான். மாத்திரையை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுவது என்ற முடிவோடுதான் அன்று அந்தத் தூரத்துக் கடைக்கு வந்திருந்தாள். அவசரத்தில் பூப்போட்ட புத்தகத்தை நீட்டிவிட்டாள்.

மருந்தாளர் செகாவா புரட்டிப் பார்த்தார்.

"இகராஷி சான், இது வேற புத்தகமாச்சே! உங்களுக்கென்ன, ரெண்டு வயிறா?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "தப்பா எடுத்துட்டேன். குடுத்துடுங்க."

"குடுக்கறேன். இந்த எரிச்சலை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"மனசைப் பாக்கிறவர்கிட்ட வயித்தைப் பத்திச் சொன்னா அவருக்குச் சங்கடமா இருக்காதா?"

"நல்ல மரியாதை போங்க! இந்த மாத்திரை சிலருக்கு வயித்து வாயைத் தளர்த்திடும், புளிப்பு மேலேறும். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க. உக்காருங்க."

அங்கிருந்தே மனநல மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, அதை அவளிடம் கொடுத்தார்.

"மன்னிக்கணும், நான் கேட்டிருக்கணும்," என்றார் மருத்துவர். "வேற ரெண்டு மாத்திரை இருக்கு. ஒண்ணுல முதல் ரெண்டு வாரம் குமட்டும். இன்னொண்ணுல நல்லா தூக்கம் வரும், எடை ஏறலாம். புளிப்புத் தொந்தரவு ரெண்டுலயும் குறைவுதான். எது வேணும்?"

"தூக்கமே வரட்டும் டாக்டர். சமையக்காரி கொஞ்சம் குண்டா இருந்தாத்தான் பிள்ளைங்க நம்பிச் சாப்பிடும்."

அவர் சிரித்துவிட்டு, பழையதை எப்படிச் சிறுகச் சிறுகக் குறைப்பது என்று சொன்னார்.

ஐந்தாவது வாரம். மிதோரி அண்டாவுக்குள் குனிந்து துழாவினாள். நெஞ்சு எரியவில்லை. மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து, உண்ணுமுன் கைகூப்பினாள். நெல் விளைத்தவருக்கு, மீன் பிடித்தவருக்கு, உயிர் தந்த மீனுக்கு என்று வழக்கமாகச் சொல்லும் நன்றியில், ஒரு கேள்வி கேட்டு, மாத்திரையை விட்டுவிடாமல் தன்னைத் தடுத்த செகாவாவையும் சேர்த்துக்கொண்டாள். சூப் ஆறும்வரை கூப்பிய கையைப் பிரிக்கவில்லை.