பாலத்துக்கு அடியில் போகாத டவர்

இன்னும் கட்டப்படாத தொழிற்சாலைகளுக்கு விலை போடுவது பிரபாவதியின் வேலை. அம்பத்தூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் எஸ்டிமேஷன் இன்ஜினியர். வாரத்தில் மூன்று நாள் திருத்தணியிலிருந்து காலை ரயிலைப் பிடிப்பாள். மற்ற நாட்களில் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்துவைத்து, கான்கிரீட்டையும் கம்பியையும் கூட்டிக்கொண்டிருப்பாள்.

ஆடி மாதம் ஓர் எத்தனால் ஆலை அவளிடம் வந்தது. ஆர்.கே.பேட்டையைத் தாண்டி ஒரு தனியார் கம்பெனி கட்டப்போகிற ஆலை. டெண்டர் ஆவணம் எண்ணூறு பக்கம். அதில் ஓர் உருப்படி அவளை உறுத்தியது: எத்தனாலை வடிக்கிற பெரிய இரும்பு உருளை. நிறுத்திவைத்தால் ஒன்பது மாடி உயரம் வரும் என்பதால் அதை டவர் என்றுதான் சொல்வார்கள். துறைமுகத்திலிருந்து முழுசாகப் படுக்கவைத்து ட்ரெய்லரில் கொண்டுவர வேண்டும். ட்ரெய்லரோடு சேர்த்து உயரம் ஐந்தேகால் மீட்டர். வழியில் ஒரு ரயில் பாலம். அதன் உயரம் ஐந்தரை மீட்டர் என்று ஆவணம் சொன்னது. கால் மீட்டர் இடைவெளி போதும்தான். ஆனாலும் நேரில் பார்க்காமல் அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவன் குமரவேலின் பைக்கில், ஒரு நீளமான மூங்கிலைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். திருத்தணியில் செல்போன் கடை வைத்திருக்கும் குமரவேலுக்கு ஞாயிறுதான் ஓய்வு. ஊரே திரும்பிப் பார்ப்பதாக வழியெல்லாம் முனகிக்கொண்டே ஓட்டினான்.

பாலத்தருகே நட்டிருந்த பலகையும் ஐந்தரை மீட்டர் என்றுதான் சொன்னது. பாலத்துக்கு அடியில் மூங்கிலை நிமிர்த்திப் பிடித்த பத்து நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ரோட்டை அகலப்படுத்த அளக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, பக்கத்துத் தறி வீட்டிலிருந்து ஞானம்மாள் என்கிற அம்மா வேகமாக வந்தார். தன் வீடு இடிபடுமா என்பதுதான் அவர் கவலை. பிரபாவதி டவர் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

"அந்தப் பலகையை நம்பாதம்மா. அது நட்டப்ப நான் பாத்துகினு இருந்தேன். அப்புறம் மழைத்தண்ணி நிக்குதுன்னு நாலு தபா ரோடு மேல ரோடு போட்டாங்க. பலகை அப்படியே கீது, ரோடுதான் ஏறிகினே போவுது."

மூங்கிலில் குறித்த இடத்தை டேப்பால் அளந்தாள். ஐந்து மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் குறைவு.

திங்களன்று மேலாளர் கோதண்டபாணியிடம் சொன்னாள். டவரைச் சுற்றுவழியில் கொண்டுவரும் செலவைச் சேர்த்தால் நம் விலை ஏறி டெண்டர் கைவிட்டுப் போகும், சேர்க்காவிட்டால் வேலை கிடைத்து நஷ்டப்படுவோம் என்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைக் கேட்டுவிடலாம் என்றாள் பிரபாவதி.

"நாம கண்டுபிடிச்சதை நாமளே போட்டிக்காரங்களுக்குச் சொல்றதா?"

"சொன்னா எல்லாருக்கும் செலவு ஏறும் சார். சொல்லலன்னா, உண்மையைப் போட்ட நாம மட்டும் தோத்துப் போவோம்."

மதியச் சாப்பாடு முடியும்வரை யோசித்துவிட்டு அவர் சரி என்றார்.

கூட்டத்தில் அவள் கேட்டபோது ஆறு நிறுவனத்து ஆட்களும் ஒரே நேரத்தில் காகிதத்தைப் புரட்டினார்கள். நான்கு நாளில் ஆலைக் கம்பெனியிடமிருந்து திருத்தம் வந்தது: பாலத்தின் உயரம் ஐந்து மீட்டருக்கும் குறைவு, மாற்று வழியை டெண்டர் போடுபவரே பார்த்துக்கொள்ள வேண்டும், கூடுதல் அவகாசம் பத்து நாள்.

அடுத்த ஞாயிறு மாற்று வழியைப் பார்க்கப் போனதும் பைக்கில்தான். மூங்கில் வேண்டாம் என்றதும் குமரவேல் சந்தோஷமாகக் கிளம்பினான். நகரி பக்கமாக ஆந்திராவுக்குள் போய், பள்ளிப்பட்டு வழியாகத் திரும்பினார்கள். டவர் வரும்போது கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், ரோட்டுக்குக் குறுக்கே போகிற ஒவ்வொரு மின்கம்பியையும் அவன் சத்தமாக எண்ண, அவள் குறித்துக்கொண்டாள். மொத்தம் அறுபத்து மூன்று. பலப்படுத்த வேண்டிய சிறுபாலங்கள் இரண்டு. ஓர் ஊரில் ரோட்டின் மேலேயே சிமென்ட் வளைவு கட்டியிருந்தார்கள். டவர் அதற்குள் நுழையாது. பக்கத்து வயலில் இறங்கித்தான் சுற்ற வேண்டும். வயல்காரர் சக்திவேலைத் தேடிப்பிடித்துக் கேட்டாள்.

"நெல்லு அறுத்தப்புறம் வாங்க. வரப்பை மட்டும் திரும்பப் போட்டுக் குடுத்துடுங்க," என்றார் அவர்.

வழிக்கு மட்டும் அவள் போட்ட தொகை எண்பத்தாறு லட்சம். மற்ற நிறுவனங்கள் வழியைப் போய்ப் பார்க்கவில்லை. பயத்துக்குச் சேர்த்து ஆளுக்கு மூன்று கோடி, நான்கு கோடி என்று போட்டிருந்தன. டெண்டர் திறந்த அன்று கோதண்டபாணி போன் செய்தபோது அவள் ரயிலில் நின்றுகொண்டிருந்தாள். வேலை தங்களுக்குத்தான் என்று கேட்டதும் சிரிப்பு வந்தது. அரக்கோணம் வருவதற்குள் எண்பத்தாறு லட்சத்தை மனசுக்குள் மறுபடி கூட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். போட்ட கணக்கு இனி நிஜத்திலும் சரியாக வர வேண்டுமே.

அடுத்த வருடம் சித்திரையில், அறுவடை முடிந்த சக்திவேலின் வயலில் இரும்புத் தகடு பரப்பி டவரை ஊர்ந்து போக வைத்தார்கள். வளைவைத் தாண்ட ஒரு மணி நேரம் ஆனது. பிள்ளைகள் சைக்கிளில் கூடவே வந்தார்கள். குமரவேல் வீடியோ எடுத்தான்.

பதினோரு வருடமாக எத்தனையோ ஆலைகளுக்கு விலை போட்டவள், தான் தாளில் எழுதிய ஒரு வரி கண்ணெதிரே நகர்ந்து போவதை அன்றுதான் பார்த்தாள். கடைசிச் சக்கரமும் தார் ரோட்டில் ஏறிய பிறகுதான் டீ குடிக்கப் போனாள்.