மல்லிகை ஆகாத அறை

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போன அந்த வருஷத்தில் குன்னூர்ப் பக்கத்து ஃபாக்டரிகளில் ஆளைக் குறைத்தார்களே தவிர, புதிதாக யாரையும் எடுக்கவில்லை. வெலிங்டனைத் தாண்டி இருந்த ஒரு ஃபாக்டரியில் மட்டும் தங்கமணியை எடுத்தார்கள். முதலாளி கோயமுத்தூர்க்காரர். தங்கமணிக்கும் கீழே கிணத்துக்கடவுதான் ஊர். பேக்கிங் ரூமுக்கு சூப்பர்வைசர் என்று உட்கார வைத்துவிட்டார். அந்த நாற்காலி தனக்குத்தான் வரும் என்று பல வருஷமாகக் காத்திருந்தவள் இசக்கியம்மா. பிறகு கேட்க வேண்டுமா?

யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. இசக்கியம்மா அவளை "மேடம்" என்றாள், அதுவும் கூப்பிட்டே தீரவேண்டிய நேரத்தில் மட்டும். மற்ற பெண்கள் இசக்கியம்மாவின் முகத்தைப் பார்த்து நடந்துகொண்டார்கள். மத்தியானம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி டப்பாவில் ஒருத்தி கைவிட்டுச் சாப்பிடுவார்கள். தங்கமணி ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து கடனே என்று நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். கணவனின் லாரி வருமானம் கைக்கும் வாய்க்குமாக இருந்ததால் ஒன்பது வயது மகள் வர்ஷாவை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு மலையேறியவள். எந்நேரமும் பிள்ளை ஞாபகம்தான். அதைச் சொல்லி ஆற ஒரு ஆள் இல்லாததுதான் அதைவிடக் கொடுமை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஊட்டிக்கு லோடு ஏற்றிப் போன கணவன் கேட்டருகே வண்டியை நிறுத்தி, வாழையிலைப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தான். "உம் புள்ள கட்டுனது. அம்மாவுக்குக் குடுத்தே ஆகோணும்னு ஒரே அடம்." ரூமுக்குள் வந்து பிரித்தாள். மல்லிகைச் சரம். கோணல்மாணலான கட்டு, நடுவில் ஒரு இடத்தில் அவிழ்ந்து முடிச்சுப் போட்டிருந்தது. தங்கமணி கொஞ்சத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள். மீதி வாடிவிடக் கூடாதே என்று, ரூமிலேயே குளுகுளுவென்று இருக்கிற இடம் தேடி, தூள் சாம்பிள் வைக்கிற அலமாரிக்குள் வைத்தாள். மணிக்கொரு தரம் கதவைத் திறந்து மோந்து பார்த்தாள். எதிரே சாக்குத் தைத்துக்கொண்டிருந்த இசக்கியம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். ஒருமுறை எழுந்தாள், மறுபடி உட்கார்ந்து ஊசியை எடுத்துக்கொண்டாள்.

தேயிலைத் தூள் பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பேக்கிங் ரூமுக்குள் பூ, பவுடர், வெங்காயம், சூடம் எதுவும் ஆகாது. இது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததாலேயே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கீழேயிருந்து வந்தவளுக்கு யார் சொல்ல?

அலமாரியிலிருந்த சாம்பிள்தான் ஏலத்துக்குப் போனது. ருசி பார்க்கிறவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாராம். நல்ல தூளையே சீந்த ஆளில்லாத காலம். பூ வாசம் அடிக்கிற தூளை யார் கேட்பார்கள்? மேனேஜர் வெள்ளியங்கிரி தங்கமணியை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா, பொட்டியைக் கட்டிட்டு ஊருக்கே போயிருங்க!"

அவர் தலை மறைந்ததும் தங்கமணி நேரே இசக்கியம்மாவிடம் போனாள். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க்கா, பாத்துட்டுத்தானுங்க இருந்தீங்க? ஒரு வார்த்தை சொன்னா வாயி தேஞ்சா போயிரும்? நான் போனா அந்தச் சேர் உங்களுக்குன்னு தானுங்க?"

இசக்கியம்மா ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள். "சேருக்கு ஆசப்பட்டது நெசம். உங்களக் கண்டா ஆகாததும் நெசம். ஆனா அன்னைக்குச் சொல்லத்தான் எந்திரிச்சேன் மேடம். பொட்டலத்தப் பிரிச்சு, எம் புள்ள கட்டுனதுன்னு உங்களுக்கு நீங்களே சொல்லிக்கிட்டிருந்தீங்க. அதத் தூக்கி வெளிய போடுங்கன்னு எப்படிச் சொல்ல? எம் மக சசிகலா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் ஏழு மாசமாச்சு. எஸ்டேட்ல புதுசா ஆள் பதியறதில்ல. என்ன செய்ய, அனுப்பிட்டேன். அவ ஒரு நூலு அனுப்பியிருந்தாலும் நானும் தலையில சுத்திக்கிட்டுத்தான் திரிவேன்."

திட்ட வந்த தங்கமணி பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்துவிட்டாள். இசக்கியம்மா தணிந்த குரலில் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம ஊருக்குப் போறீங்கல்ல? கீழதான, போற வழியில திருப்பூர்ல ஒரு எட்டு எறங்கி அவளப் பாத்துட்டு வருவீங்களா? பேசக்கூட வேணாம். மெலிஞ்சிருக்காளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

இசக்கியம்மா மலையை விட்டு இறங்கியதே இல்லை. அவளுக்குக் கீழே என்றால் எல்லாம் ஒரே ஊர். கோயமுத்தூரிலிருந்து கிணத்துக்கடவு ஒரு திசை, திருப்பூர் வேறு திசை. தங்கமணிக்குக் கிடைப்பதே மாதத்தில் அந்த ஒரு ஞாயிறு. வர்ஷா பஸ் ஸ்டாப்பிலேயே வந்து நிற்பாள். இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பாத்துட்டு வர்றேனுங்க்கா" என்றாள்.

திருப்பூரில் இறங்கும்போதே வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அரை மணியில் பார்த்துவிட்டுக் கிளம்பினால், ஓடிப்போய் வர்ஷாவுக்கு ஒரு வாய் சோறு ஊட்டிவிட்டாவது திரும்பலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். கம்பெனியிலோ ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதாக இல்லை. ஊர்ப்பக்கம் போகிற பஸ் ஒவ்வொன்றாகக் கடந்து போவதைப் பார்த்தபடி தங்கமணி வாசலிலேயே நின்றாள். தன்னையே நாலு திட்டுத் திட்டிக்கொண்டாள்.

மூன்று மணி வாக்கில் வாட்ச்மேன் சொல்லி அனுப்பி, ஒருவழியாகச் சசிகலா வெளியே வந்தாள். மெலிந்துதான் இருந்தாள். காதிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி.

"உங்கம்மாகூட வேலை செய்யறேன் கண்ணு. பாத்துட்டு வரச் சொன்னாங்க."

அந்தப் பெண் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். அப்புறம் கிட்டே வந்தவள் சட்டென்று நின்றாள். தங்கமணியின் சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். துவைத்தும் போகாத தேயிலைத் தூள் வாசம்.

"எங்கம்மா மேல இதே வாசந்தாங்க்கா அடிக்கும்" என்றவள் அப்படியே முகத்தைத் தலைப்பில் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

கோயமுத்தூர் பஸ் ஒன்று வந்து நின்று ஹார்ன் அடித்தது. காலை வேலைக்குள் மலையேறியாக வேண்டும், அதை விட்டால் வர்ஷாவைப் பார்க்க வழியில்லை. நேரமாச்சு, விடு கண்ணு என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. தங்கமணி சேலைத் தலைப்பை அவளிடமே விட்டுவிட்டு, பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.