மூடியில் எழுதியவன்

மனித குலத்தைக் கிருமிகளிடமிருந்து மீட்கப் பிறந்தவன் தான் என்பதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. உயிர்மருத்துவ அறிவியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. முதலாம் ஆண்டில் கோட்டைவிட்ட உயிர்வேதியியல் தாள் ஒன்று இன்னும் பாக்கி; மனித குலம் அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மருத்துவத்துக்கு இடம் கிடைக்காமல் இதில் சேர்ந்தவன் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “டாக்டருக்குப் பக்கத்துப் படிப்பு” என்பாள் அம்மா. பெரியப்பா ஒரு படி மேலே போய், போனிலேயே முட்டிவலிக்கு மருந்து கேட்பார். விஷயம் வகுப்புக்குக் கசிந்து, அவனுக்குப் பாதி டாக்டர் என்று பெயர் விழுந்தது. அவன் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பணமாக எடுத்துக்கொண்டான்.

அந்த வாரச் செய்முறை, கை கழுவுவதைப் பற்றியது. ஆளுக்கு மூன்று பெட்ரி தட்டுகள். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு, உள்ளே கிருமிகளுக்குச் சாப்பாடாக அகர் கூழ், மேலே தெளிந்த மூடி. ஒன்றில் கழுவாத விரல்களைப் பதிக்க வேண்டும். இன்னொன்றில் சோப்புப் போட்டுக் கழுவிய விரல்களை. மூன்றாவதை யாரும் தொடக்கூடாது. அது கண்ட்ரோல், ஒப்பிட்டுப் பார்க்க. அதில் ஏதாவது முளைத்தால், கூழை ஊற்றியவர் வேலையில் கோளாறு என்று அர்த்தம்.

கூழை ஊற்றியவர் ஆய்வக அக்கா. ஏழு வருடமாகத் தற்காலிகப் பணி. நிரந்தரமாக்கும் படிவம் அந்த மாதம்தான், செய்முறை வகுப்பெடுக்கும் மேடத்தின் மேசைக்கு வந்திருந்தது. மேடத்தின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பக்கத்து மேசையில், வகுப்பே எறும்பு என்று கூப்பிடும் பெண் தன் தட்டுகளைக் கவிழ்த்துப்போட்டு, அடிப்பக்க விளிம்பில் பொடிப்பொடியாக எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கையெழுத்தைப் பார்த்துத்தான் அந்தப் பெயரே வந்தது.

“ஏய் எறும்பு, என்ன, தட்டுக்குப் பச்சை குத்துறியா?”

“மூடி ஊர் சுத்தும்டா. தட்டுதான் வீட்டோட இருக்கும். மேடம் முதல் வகுப்புலயே சொன்னாங்க.”

“தலையெழுத்துன்னுதானே சொல்றோம்? காலெழுத்துன்னு யாராவது சொல்றாங்களா? எழுத்துன்னா மேலதான் இருக்கணும்.”

பின்வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பின் சூட்டோடு, தடித்த மார்க்கரால் மூன்று மூடிகளிலும் கல்யாண மண்டப வாசல் பலகைபோல எழுதினான்: கழுவாத கை. கழுவிய கை. கண்ட்ரோல்.

இரண்டு நாள் கழித்து, கிருமி வளர இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் பெட்டியிலிருந்து தட்டுகள் வெளியே வந்தன. அவன் தன்னுடையவற்றை வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்து, “என் படை” என்று குடும்பக் குழுவில் போட்டான். பிறகு இன்னும் கிட்டத்தில் எடுக்க மூன்று மூடிகளையும் கழற்றினான். எடுத்த படத்தைப் பின்வரிசையிடம் காட்டி வியாக்கியானம் செய்துகொண்டே, பார்க்காமல் மூடிகளை மூடினான்.

மேடம் எண்ணிக்கை கேட்டபோதுதான் மூடிகளைப் படித்தான். கழுவாத கையில் ஒரு புள்ளிகூட இல்லை. கண்ட்ரோலில் மஞ்சளும் வெள்ளையுமாகத் திருவிழாக் கூட்டம்.

அவன் எழுந்து நின்றான்.

“மேடம், என் கைல இயற்கையாவே கிருமி இல்ல. ஆனா கண்ட்ரோல் மோசம். ஊத்தும்போதே கெட்டுப்போயிருக்கு.”

மேடத்துக்கு அன்று அடுத்தடுத்து மூன்று கூட்டங்கள். தட்டைத் தூக்கிப் பார்த்தார். கண்ட்ரோல் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வேறென்ன வேண்டும்? ஒன்றை நம்பமுடியாவிட்டால் எதையும் நம்பமுடியாது என்று எல்லாத் தட்டையும் கொட்டிவிடச் சொன்னார். அக்காவைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும், “இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?” என்றார்.

அக்கா தொண்ணூறு தட்டுகளையும் தள்ளுவண்டியில் அடுக்கினார். அவனுடைய மூன்றை எடுக்கும்போது மட்டும் ஒரு நொடி நின்று பார்த்தார். பிறகு அவற்றையும் அடுக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் பேருந்தில் போன் அதிர்ந்தது. அம்மா.

“அழகா இருக்கு கண்ணு. அந்த கண்ட்ரோல்னு எழுதின தட்டு மட்டும் சுத்தமா இருக்கே, அதை மட்டும் கழுவி வெச்சியா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கண்ட்ரோல், கழுவி வைத்ததுபோல வெறுமையாக இருந்தது. திருவிழா கழுவாத கைக்குள் நடந்துகொண்டிருந்தது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பேருந்தில் யாரும் பார்க்கவில்லை. இருந்தும் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். அதற்குள் அடுத்த செய்தி. பெரியப்பா: “டாக்டர் கைன்னா சும்மாவா!”

மறுநாள் காலை தயாரிப்பு அறைக்குப் போனான். அக்கா மறுபடி முதலிலிருந்து கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நீள வாக்கியத்தில் மூன்று சொல்தான் வெளியே வந்தது.

“அக்கா... மூடி மாறிடுச்சு.”

“தெரியும்.”

“எப்படி?”

“கழுவாத கைல ஒண்ணுமே வளரலைன்னா, அது கையோட பெருமை இல்ல தம்பி. மூடியோட தப்பு.” நிமிராமலே ஊற்றினார். “தள்ளி நில்லு, தும்மிடாத.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா.”

“நான் சொன்னா வேலைக்காகச் சொல்றதா இருக்கும்.”

“மன்னிச்சுடுங்கக்கா.” விடு தம்பி, பரவாயில்லை என்று அவர் சொல்லிவிடுவார் என எதிர்பார்த்தான். சொன்னால் அப்படியே நழுவிவிடலாம் என்றும் எண்ணம் இருந்தது. அந்த எண்ணம்தான் அவனுக்கே கூச்சமாக இருந்தது.

“என்கிட்ட சொல்லி என்ன பண்ண? கையெழுத்துப் போடுறவங்க வகுப்புல இருக்காங்க.”

வகுப்பில் மேடம் வருகைப் பதிவை மூடும்வரை காத்திருந்தான். நேற்று எழுந்த அதே இடத்தில் எழுந்தான்.

“மேடம், நேத்து... மூடி மாறிடுச்சு.”

“தானா மாறிச்சா?”

“இல்ல மேடம். படம் எடுக்குறப்ப நான் மாத்திட்டேன். கூழ் நல்லாத்தான் இருந்துச்சு. அக்கா மேல தப்பில்ல.”

பின்வரிசை சிரித்திருந்தால் தேவலை. ஒருவரும் சிரிக்கவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரு கணம் அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

“எழுதிக் குடு. முழுசா. கையோட பெருமையையும் சேர்த்து.”

எழுதினான். ‘என் கையில் இயற்கையாகவே கிருமி இல்லை என்று கூறினேன்’ என்ற வரியை எழுதும்போது பேனா இரண்டு முறை நின்றது. மேடம் அந்தத் தாளை அக்காவின் படிவத்தோடு சேர்த்துக் குத்தி, அவன் கண்ணெதிரிலேயே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் அதே செய்முறை, புதுத் தட்டுகள். அக்கா எல்லோருக்கும் வைத்ததுபோலவே அவன் மேசையிலும் மூன்றை வைத்துவிட்டுப் போனார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்வரிசை வேறெங்கோ பார்க்கும் நேரமாகப் பார்த்து, தட்டைக் கவிழ்த்தான். தடித்த மார்க்கரால் பொடியாக எழுத வரவில்லை. கையைப் பக்கத்து மேசைப் பக்கம் நீட்டினான். எறும்பு ஒன்றும் கேட்காமல் தன் மெல்லிய பேனாவை உள்ளங்கையில் வைத்தாள்.

இடது கையால் மறைத்துக்கொண்டு, அடி விளிம்பில் எழுதத் தொடங்கினான்.