கடலுக்குக் கூட்டிப்போனவன்

பூவனலிங்கம் மாமா போன் பண்ணியபோது செல்வகணேஷ் சோற்றுக்கு உலை வைத்திருந்தான். ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்து மாணவர் விடுதி, பிப்ரவரி மாதம், வெள்ளிக்கிழமை. மாமா என்றால் சொந்த மாமா இல்லை. அறைத்தோழன் ஹரிகிருஷ்ணனுக்குத் தாய்மாமன். ஹரியும் இவனும் கோவில்பட்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். இவனுக்கு வீடே கோவில்பட்டி. ஹரி எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவான். அந்தப் பழக்கத்தில் அவனுக்கு மாமன் என்றால் இவனுக்கும் மாமன்.

"பக்கத்துல அவன் இருக்கானாலே?"

"குளிக்கப் போயிருக்கான் மாமா."

"அப்பம் கேட்டுக்கோ. அவங்கப்பா, எங்க மச்சான், காலையில போய்ச் சேந்துட்டாரு. ஆட்டுக்கிடையில நின்னவரு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுததுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

செல்வகணேஷ் அடுப்பை அணைத்தான். அணைத்தது கூட அவனுக்குத் தெரியவில்லை.

"அவன்ட்ட மூச்சு விட்றாத" என்றார் மாமா. "அடுத்த வியாழக்கிழமை பரீட்சைன்னு சொன்னான்லா. ரெண்டு தடவை கோட்டை விட்ட பேப்பரு. இந்தத் தடவையும் போச்சுன்னா பெட்டியக் கட்டி அனுப்பிருவாங்களாமே. எழுதி முடிக்கட்டும். அப்புறம் நானே பக்குவமாச் சொல்லுதேன்."

"அம்மா என்ன சொல்லுதாங்க மாமா?"

"அக்காட்ட நான் பேசிக்கிடுதேன். நாளைக்குச் சாயங்காலம் எடுக்கோம். எவனாவது அஞ்சலி போஸ்டரை அவனுக்கு அனுப்பித் தொலைச்சிருவான். ரெண்டு நாளைக்கு அவனை எங்கயாவது கூட்டிட்டுப் போயிரு. போனைத் தொட விடாத. சரியா?"

பிள்ளைத்தாச்சிக்கும் பரீட்சை எழுதப் போகிறவனுக்கும் சாவுச் செய்தி சொல்வதில்லை என்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். வெளிநாட்டில் இருப்பவனுக்கு அது இரட்டிப்பு வழக்கம்.  பெரிய மனுஷர் ஒருவர் தன்னை நம்பிக் குடும்பக் காரியத்தை ஒப்படைக்கிறார் என்ற நினைப்பும் செல்வகணேஷுக்கு ஒரு ஓரத்தில் இருந்தது.

"சரி மாமா" என்றான்.

மாமா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரிடமோ குரலை உயர்த்தி, "சரிங்கான். ஆக வேண்டியதைப் பாருங்க" என்று சொன்னது கேட்டது. கூடவே பெண்களின் அழுகைச் சத்தமும். பிறகுதான் லைன் நின்றது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த ஹரி, "சோறு வடிக்கலயாலே? யாரு போன்ல?" என்றான்.

"எங்க வீட்டுல. ஏலே, நாளைக்குக் கடல் பாக்கப் போவோமா?"

"பரீட்சைய வச்சுக்கிட்டா?"

"படிச்சுப் படிச்சு உன் மூஞ்சி வாடிப் போய்க் கிடக்கு. சனி போயிட்டு ஞாயிறு வந்துருவோம். காத்து பட்டாத்தான் மண்டையில ஏறும்."

செலவென்று பெரிதாக எதுவும் இல்லை. மாணவர்களுக்குக் கொடுத்திருக்கும் பயணச் சீட்டிலேயே நாடு முழுக்க மெதுவாகப் போகிற ரயில்களில் ஏறிக்கொள்ளலாம். விரைவு ரயிலில் மூன்று மணி நேரமென்றால் இதில் இரண்டு இடத்தில் மாறி அரைப்பகல் ஆகும், அவ்வளவுதான். படுக்க, எட்டுப் பேர் ஒரே அறையில் படுக்கும் மலிவு விடுதி. தூக்குச் சட்டி நிறைய எலுமிச்சம்பழச் சோறு, அவித்த முட்டை, ஹரியின் அம்மா முத்துத்தாய் கொடுத்துவிட்ட பருப்புப் பொடி. மாடி அறை மணிகண்டபிரபுவும் சேர்ந்துகொண்டான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரும்புக் கடை வைத்திருப்பவரின் மகன். அவன் வாயில் எதுவும் தங்காது என்பதால் செல்வகணேஷ் அவனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. செய்த தப்பில் இது இரண்டாவது.

ரயில் ஏறியதும் செல்வகணேஷ் ஒரு விளையாட்டு வைத்தான். எல்லார் போனையும் அணைத்துத் தன் பையில் போட வேண்டும். முதலில் கேட்கிறவன் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும்.

"படம் எடுக்க ஒரு போன் வேணும்லா" என்றான் ஹரி. "பிரபு கையில இருக்கட்டும். எங்கப்பாவுக்கு ஒரு படம் அனுப்பணும். தூத்துக்குடியோட கடல் முடிஞ்சு போச்சுன்னு நினைச்சிக்கிட்டு இருக்காரு மனுசன்."

வேண்டாம் என்று சொல்ல செல்வகணேஷுக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வழியில் ஈரப் புல்வெளியில் செம்மறி ஆடுகள் நின்றன. ஹரி எழுந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டினான். "மேய்க்கிறவன் எங்கலே? வேலியப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான் பாரு. கிடைக்குக் காவல் படுக்காம ஒருத்தன் ஆடு வளக்கான்னு சொன்னா எங்கப்பா நம்பவே மாட்டாரு. 'ஏலே, அவன் ஆட்டுக்காரனா, ஆபீசரா'ம்பாரு."

பிரபு சிரித்தான். செல்வகணேஷும் சிரித்தான். 

கடற்கரை வெள்ளை வெளேரென்று கிடந்தது. காற்று காதை அறுத்தது. கம்பளித் தொப்பி போட்ட கிழவர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தண்ணீரில் யாரும் இல்லை.

"இதுல முங்கி எந்திரிச்சா, அந்தா இருக்குல்லா, மீன் வச்ச ரொட்டி, அது வாங்கித் தாரேன்" என்றான் பிரபு.

"கூட ஒரு காபியும் வாங்கித் தருவியா?"

"முதல்ல நீ செருப்பக் கழட்டு. விறைச்சுச் செத்தா என்னைக் கேக்காத."

ஹரி அரைக்கால் சட்டையோடு ஓடினான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கரையைப் பார்த்துத் திரும்பி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று முங்கி எழுந்தான். தண்ணீர் முகத்தில் வழிய, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தான். பிரபு படமாக எடுத்துத் தள்ளினான்.

செல்வகணேஷ் துண்டை வைத்துக்கொண்டு நின்றான். இங்கே உச்சி என்றால் அங்கே சாயங்காலம். எப்போதும்வென்றானில் இந்நேரம் தேர் கட்டித் தூக்கியிருப்பார்கள். கொள்ளி வைக்க ஹரியின் பெரியப்பா மகனை மொட்டையடித்து நிறுத்தியிருப்பார்கள். அவனும் இப்படித்தான் மூன்று முங்கு முங்குவான்.

ஹரி நடுங்கிக்கொண்டே வந்து துண்டைப் பிடுங்கினான். "என்னலே பேயறைஞ்சவன் மாதிரி நிக்க? ரொட்டி எனக்குத்தான், உனக்கில்ல."

விடுதியில் பொதுச் சமையலறை இருந்தது. இருட்டத் தொடங்கிய நேரம். மூவரும் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானமே படங்களைத் தன் ஸ்டேட்டஸில் போட்டிருந்த பிரபு, யார் யார் பார்த்தார்கள் என்று தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே ஹரி, உங்க ஊர்க்காரன் எவனோ கிறுக்கன் எழுதியிருக்கான் கேளு. 'இங்கன அப்பனுக்குக் கொள்ளி வைக்காங்க, அங்கன மகன் கடல்ல கும்மாளம் போடுதான். நல்ல பிள்ள.' யாரலே சொல்லுதான்?"

ஹரி சிரித்துக்கொண்டேதான் திரும்பினான். செல்வகணேஷின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

"உனக்குத் தெரியுமாலே?"

"மாமாதான்..."

"என் போனக் குடு."

போன் உயிர் வந்து எழும்ப நேரம் எடுத்தது. அதற்குள் நூடுல்ஸ் அடிப்பிடித்துக் கருகியது. யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை. ஹரி வீட்டுக்குப் போட்டான். மாமாதான் எடுத்தார். மாமா பேசப் பேச இவன் "அம்மாட்ட குடுங்க" என்பதை மட்டும் சொன்னான். பலமுறை சொன்னான். அம்மா போனுக்கு வரவில்லை. அழுகை கேட்டது, வரவில்லை.

போனை வைத்துவிட்டு, "ஐஸ் பெட்டியில ரெண்டு நாள் கூட வச்சிருந்தா வந்து சேந்திருப்பேன்லே" என்றான். "எங்கம்மாவும் சேந்துதான் மறைச்சிருக்கா. இப்பம் பேச மாட்டேங்கா." அதற்கு மேல் செல்வகணேஷிடம் அவன் எதுவும் பேசவில்லை.

மறுநாள் திரும்பும் ரயில்கள் எல்லாவற்றிலும் அவன் வேறு பெட்டியில் உட்கார்ந்தான். அறைக்கு வந்ததும், "பிரபு, தாடி வழிக்கிற மிஷினை எடுத்துட்டு வா. தலையை மழிச்சு விடு" என்றான். செல்வகணேஷ் முடி விழாமல் இருக்கத் துண்டை விரித்துப் பிடித்தான். ஹரி அந்தத் துண்டை அவன் கையிலிருந்து எடுத்துத் தானே போர்த்திக்கொண்டான். வியாழக்கிழமை மொட்டைத் தலையோடு போய்ப் பரீட்சை எழுதினான். தேறியும் விட்டான். மார்ச்சில் வேறு அறைக்குப் போனான்.

ஆகஸ்டில் செல்வகணேஷ் விடுமுறைக்கு ஊருக்கு வந்தான். வந்ததும் ஒரு காரியம் அவனுக்குத் தெரிந்தது. முத்துத்தாய் மகனோடு பேசுவதே இல்லை என்று கோவில்பட்டி வரை பேச்சு இருந்தது. ஹரியும் வீட்டுக்குப் போன் போடுவதில்லை என்பது பிரபு சொல்லி ஏற்கெனவே தெரியும். மறைத்தது தான்தான்; தானே போய்ச் சொன்னால் தாயும் பிள்ளையும் பேசிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டான். எட்டயபுரத்தில் பஸ் மாறி எப்போதும்வென்றானில் இறங்கினான்.

காற்றுக் காலம். உழுது போட்ட கரிசலிலிருந்து புழுதி எழும்பி ரோட்டைக் கடந்து போனது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றின. மாமா உழவுக்கு டிராக்டர் பேசப் போயிருந்தார். அக்கா நிலத்தையும் இப்போது அவர்தான் பார்க்கிறார். முத்துத்தாய் வாசலில் மிளகாய் வற்றலைக் குவித்து வைத்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா. வெயில்ல நிக்காத, இப்படி உக்காரு." தண்ணீர் கொடுத்தாள். மகனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அப்பா போனது ஹரிக்கு அன்னைக்குத் தெரியாது. கடல்ல குளிக்கும்போது தெரியவே தெரியாது. மாமா சொல்ல வேண்டாம்னாரு. நான்தான் மறைச்சு அவனைக் கூட்டிட்டுப் போனேன்."

கிள்ளிய காம்பு அவள் கையிலேயே இருந்தது.

"தெரியாதா?" என்றாள். "பூவனம் தள்ளிப் போய் நின்னு போன் பேசினதை நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். 'அக்கா, உன் மகன்ட்ட கேட்டுட்டேன். பரீட்சை இருக்காம், வர ஏலாதாம், நீங்களே முடிச்சிருங்கங்கான்'னான். காதுல போன வச்சுக்கிட்டே 'சரிங்கான், ஆக வேண்டியதைப் பாருங்க'ன்னு வெளியில நின்னவியள்ட்ட சொன்னான். எம்புட்டுத் தூரத்துல இருந்து எம்புட்டு லேசா சரின்னுட்டான்னு நான் அப்பமே விட்டுட்டேன் அவனை."

செல்வகணேஷுக்கு அந்த வெள்ளிக்கிழமையின் உலை நீர் நினைவுக்கு வந்தது. அழுகைச் சத்தமும் வந்தது.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "அந்தப் போன்ல பேசினது நீயாப்பா?"

"ஆமாம்மா."

"அப்பம் அந்தச் சரி நீ சொன்னதா?"

அவன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான்.

"ஐஸ் பெட்டி நாலு நாளைக்குக்கூட ஓடும்னு கொண்டு வந்தவன் சொன்னான்" என்றாள் அவள். "நான் வச்சிருப்பேன். அவன் வார வரைக்கும் வச்சிருப்பேன். நீ ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல்லு சொல்லியிருந்தா." குரல் உயரவில்லை. காம்பைக் கீழே போட்டுவிட்டு அடுத்த வற்றலை எடுத்தாள். "வியாழக்கிழமை பரீட்சைன்னு பூவனத்துக்குத் தெரிஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை அவரு செத்ததும், வந்துட்டுப் போக நடுவுல நாள் கிடந்ததும் தெரிஞ்சிருக்கு. அவன் மகள ஹரிக்குக் குடுக்கணும், பையன் பாஸாகணும். எல்லாம் தெரிஞ்சவன்."

பிறகு, "அந்தப் படம் உன்ட்ட இருக்கா?" என்று கேட்டாள். "அன்னைக்கு எவளோ தூரத்துல இருந்து காட்டினா. கண்ணத் துடைக்கதுக்குள்ள மடக்கிட்டா."

எடுத்துக் கொடுத்தான். அவள் மிளகாய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"எத்தனை முங்கு போட்டான்?"

"மூணு."

"எந்தத் திசையப் பாத்து நிக்கான்?"

அவன் யோசித்தான். அந்த ஊரில் கடல் வடக்கே. ஹரி கரையைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"தெக்க பாத்துமா."

அவள் வெகுநேரம் பார்த்தாள். "சிரிச்சிக்கிட்டு நிக்கான்" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இன்னைக்கே ஹரிட்ட சொல்லிருதேன்மா. மாமா உங்கள்ட்ட என்ன சொன்னாருங்கதையும் சொல்லிருதேன். அவன் பேசுவான்."

"வேண்டாம்."

"அம்மா..."

"சொல்லாத. தெரிஞ்சா அவன் மாமன உசுரோட விட மாட்டான், இல்ல இந்த ஊரு மண்ணையே மிதிக்க மாட்டான். ஒத்தப் பொம்பள நான் இங்கன இருக்கணும். இந்தக் காட்டை உழவும் ஆட்டப் பாக்கவும் என் தம்பிய விட்டா எனக்கு ஆளு யாரு? நாளைக்கு என்னைத் தூக்கிப் போடவும் அவன்தான் வரணும். என் மேல கோவமா இருக்கான்லா. இருந்துட்டுப் போட்டும்." வற்றலை வாரிச் சாக்கில் போட்டாள். "மறைக்கத்தான் உனக்கு நல்லா வருதே. இதையும் மறைச்சிரு."

காபி வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. அவனும் எழுந்துகொண்டான்.

ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் அதிர்ந்தது. ஹரி. பிப்ரவரிக்குப் பிறகு அவனிடமிருந்து வரும் முதல் செய்தி. பிரபு சொல்லியிருக்க வேண்டும்.

"நீ எங்க வீட்டுக்குப் போறதாக் கேள்விப்பட்டேன். எங்கம்மா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளாலே?"

புழுதி கண்ணில் விழுந்தது. செல்வகணேஷ் நிறைய எழுதினான், அழித்தான், திரும்ப எழுதினான். தூத்துக்குடியிலிருந்து வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கியது.

"கேக்கல. நல்லா இருக்காங்க" என்று அனுப்பிவிட்டு ஏறினான்.

அந்தப் பக்கம் அதைப் படித்துவிட்டதற்கான அடையாளம் உடனே விழுந்தது.