முன்கம்பு

என் தொடையின் பருமனைப் பார்த்துத்தான் அன்றைக்கு ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

ஒரு காலத்தில் டயகமப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்ட என்னை மிஞ்ச ஆளில்லை. செடியை நறுக்கிக்கொண்டே மலையேறுவேன். கூட வரும் கங்காணிக்குத்தான் மூச்சு வாங்கும். பிறகு தோட்டத்துத் துரையின் பங்களாக் குசினியில் சமையல் வேலை கிடைத்தது. எட்டு வருஷம் நின்ற இடத்திலேயே வேலை. துரை தின்று மிஞ்சிய வெண்ணெய், இறைச்சிச் சட்டியில் உறைந்த கொழுப்பு எல்லாம் பாணில் தடவப்பட்டு என் வயிற்றுக்குள் போயின. எந்த மிருகத்துக் கொழுப்பு என்று எங்கள் குடியிருப்பான லயத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உடம்பு ஊதியது. துரை சாப்பாடு, துரை பலம் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அதை எல்லாரையும்விட அதிகமாக நம்பியவன் நான்தான். ரொட்டியும் சம்பலும் தின்று, கொழுந்து மூட்டை சுமந்து, ஈர்க்குச்சியாய் இருந்த அழகனைக் கேலி செய்யாமல் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போனதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷ மார்கழி மழையில் மண் சரிந்து, மலையுச்சியில் இருந்த எங்கள் லயத்துக்கு லொறி வரும் பாதை அடைபட்டது. மறுநாள் காலையில் என் தங்கை வேலாயிக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். லொறி கீழே ரோட்டில்தான் நிற்கும். நாற்காலியின் இருபுறமும் கம்பு கட்டி நாலு பேர் தோளில் இறக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியை இறக்கும்போது முன்கம்பு கூடப்பிறந்தவனுக்கு. அது எங்கள் லயத்து வழக்கம். முடியாதவன் தன் தோள் துண்டை இன்னொருவனிடம் கொடுத்து விலகிக்கொள்ளலாம். அதில் குற்றமே இல்லை.

வேலாயியின் புருஷன் மாயாண்டியும் லயத்து ஆள் நல்லமுத்தும் இடப்பக்கக் கம்பில் நின்றார்கள். வலப்பக்கம் நானும் அழகனும். இறக்கத்தில் கனமெல்லாம் முன்னால் வரும், துண்டைக் கொடுங்கள் என்று அழகன் மெதுவாகக் கேட்டான்.

"நீ கம்பப் பிடிக்கிறியா, கம்பு ஒன்னப் பிடிக்குதாடா?" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குக் கேலி. அவன் பின்னால் போய் நின்றான்.

நூறு படி வரைக்கும் சரி. பிறகு என் தொடை நடுங்கத் தொடங்கியது. இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்; என் கால் பிடிக்கவில்லை. "இறக்கி வைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துரை பலம் சொல்லவிடவில்லை. வளைவில் முழங்கால் மடிந்தது. கம்பு சாய, பின்னால் இருந்த அழகன் இழுபட்டு வந்து நாற்காலிக்கு அடியில் விழுந்தான். வேலாயி அவன் மேல் விழுந்தாள். அவள் கணுக்கால் முறிந்தது. அவன் அடியில் கிடக்காவிட்டால் வயிறு கல்லில் மோதியிருக்கும்.

மாயாண்டி ஓடிவந்து அழகனை அறைந்தான். இந்தக் குச்சிப்பயல்தான் வழுக்கினான் என்று நல்லமுத்தும் சொன்னான். நான் முழங்கால் சேற்றைத் துடைத்தேன். அறை வாங்கியவன் எழுந்து, மறுபடி கம்புக்கு அடியில் தோளைக் கொடுத்தான். இந்தத் தடவை கம்பின் நடுவுக்கு வந்து என்னை ஒட்டி நின்றான். மிச்ச தூரம் என் தோளில் கனமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பெண்பிள்ளையை எடுத்தார்கள். கால் கட்டோடு வேலாயி மூன்று வாரம் அங்கே கிடந்தாள். அந்த மூன்று வாரமும் அழகனைக் கண்டால் லயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு, தோட்டத்து டிஸ்பென்சர் சிவபாதம் ஐயாவிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். தொடையை அமுக்கிப் பார்த்தார்.

"உது பலமில்லை, கொழுப்பு. வேலையில்லாத காலுக்கு நெய்யைக் குடுத்தால், சதை வத்திப்போகும். நெய் அதுக்குள்ளை போய்க் குந்தியிடும்."

அன்று குசினியில் துரைக்கு இறைச்சி வெட்டினேன். சிவப்புக்குள் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடிய இறைச்சி. அப்படிப்பட்டதுதான் துரைக்குப் பிடிக்கும். கத்தி வைத்த உடனே விட்டுக்கொடுக்கும். எனக்கு என் தொடையைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

வேலாயி திரும்பி வந்த நாளில் நாற்காலியோடு ரோட்டுக்குப் போனோம். அழகனை யாரும் கூப்பிடவில்லை. அவன் இடத்துக்கு வேறொருவன் வந்திருந்தான். அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு லொறியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அழகன் வராம நான் இந்த நாக்காலில ஏறமாட்டேன்," என்றாள். மாயாண்டி சத்தம் போட்டான். அவள் என்னை மட்டும் பார்த்தாள். "நீதாண்ணே போய்க் கூப்பிடணும்."

நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து மலையேறினேன். மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரையில் பெண்கள் தண்ணீருக்கு நின்றார்கள். வாளியைப் பீலிக்கு அடியில் வைத்துவிட்டு அவர்களை விட்டுத் தள்ளி நின்றான் அழகன். எல்லார் முன்னிலையிலும் தோள் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"அன்னிக்கி விழுந்தது நாந்தான்."



"தெரியும்ணே," என்றான். "ஒங்க காலு நடுங்குனது கம்பு வழியா என் தோளுக்குத் தெரிஞ்சிச்சு."

"அப்ப ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்ணே. நேத்து வரைக்கும் நெனச்சேன்."

துண்டை வாங்கித் தலையில் கட்டிக்கொண்டு அவன் படியிறங்கினான். அவனுடைய வாளி அங்கேயே நிறைந்து வழிந்தது. அதைத் தூக்கி அவன் வீட்டு வாசலில் வைப்பதற்குள் எனக்கு மூன்று தடவை கீழே வைக்க வேண்டியிருந்தது. பெண்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.