வாய்மடையில் விளைந்த செம்பு

கல்லே இல்லாத கீழ்ப்பெருவேலியில், குத்தகைக்கு உழுத நல்லக்கண்ணுவிடமிருந்து பறித்த ஆறு மா வயலின் அடியில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் ஆண்டு சித்திரை மாதம் பச்சைச் செப்புக்கல் வெளிப்பட்டது. அதே வாரத்தில்தான் வெண்ணாற்றுப் பாலத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஊரார் இரண்டையும் ஒரே குரலில் பேசிக்கொண்டார்கள். குழாய்க் கிணறு இறக்க வந்தவர்களின் கருவி பதினெட்டாம் அடியில் முட்டி நின்றது. தோண்டிப் பார்த்தபோது, காவிரி கொணர்ந்த வண்டலன்றி வேறெதையும் அறியாத அந்த மண்ணில், கிளிச்சிறகின் நிறத்தில் கல் பரந்து கிடந்தது. நிலத்துக்குரிய மிராசுதார் ரெத்தினம் சுவாமிமலையிலிருந்து ஸ்தபதி ஒருவரை வரவழைத்தார். ஸ்தபதி ஒரு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, செம்புதான், களிம்பு முற்றிக் கல்லாகியிருக்கிறது என்றார். மூன்றே நாளில் கப்பியும் கயிறும் ஏறின, பக்கங்களுக்குப் பலகை அடைத்தார்கள், வயல் சுரங்கமாயிற்று.

செய்தி கேட்டு ஊரில் ஒருவருக்கு மட்டும் உடல் கூசியது. அவர் சிவன் கோயிலில் இருவேளையும் திருமுறை பாடும் சட்டநாத ஓதுவார். அதற்கு முந்தைய பங்குனியில், குத்தகைக்கு உழுவோர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வந்த அதிகாரியின் முன் அவர் சாட்சி சொல்லியிருந்தார். நல்லக்கண்ணுவிடம் ரசீது என்று ஒரு துண்டுத் தாளும் இல்லை. முப்பத்தொரு தை அறுப்புகளை அவர் அந்த வயலில் கண்டதற்கு, சேரிக்கு வெளியே ஓதுவாரின் சொல் ஒன்றே சான்று. மிராசுதாரோ கோயிலுக்குத் தர்மகர்த்தா. பாடும் உரிமை அவர் கையில் இருந்தது. நல்லக்கண்ணு அந்த வயலில் இறங்கி நான் கண்டதில்லை என்று ஓதுவார் சொன்னார்; வயல் அதோடு பறிபோயிற்று. சொல்லிவிட்டு வந்து மாலைப் பூசையில் பதிகம் பாடினார். குரல் எள்ளளவும் பிசகவில்லை. பிசகாமற்போனதே பின்னர் அவரை அதிகம் வருத்தியது.

அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. அறுப்பு முடிந்ததும் ஓதுவார் வரப்பில் நின்று ஒரு பாட்டுப் பாடுவார்; உழுதவர் அவருக்கு ஒரு செம்பு நெல் அளப்பார். நல்லக்கண்ணுவின் வயலில் மட்டும் ஓதுவார் தம் தாமிரச் செம்பை வரப்பின்மேல் வைத்துவிட்டுப் பத்தடி விலகி நிற்பார். நல்லக்கண்ணு நெல்லை நிரப்பி விலகுவார். பிறகு ஓதுவார் நெல்லை மேல்துண்டில் கொட்டிக்கொண்டு, வாய்க்கால் நீர் வயலுக்குள் இறங்கும் வாய்மடையில் உட்கார்ந்து, செம்பைப் புளியும் மண்ணும் இட்டுத் தேய்ப்பார். செம்பு சிவந்து சுடர்விடும்வரை தேய்த்த பிறகே வீட்டுக்கு எடுத்துப் போவார். தேய்த்த நீர் வயலுக்குள் போகும். அது எங்கே போகிறது என்று முப்பத்தோராண்டில் அவர் ஒரு முறையும் எண்ணியதில்லை. செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவ மலம் உடன்பிறந்தது என்று பிரதோஷந்தோறும் அடியார்களுக்கு விளக்கியவர் அவரே.

ஆனி மாதம் தஞ்சாவூரிலிருந்து லூர்துராஜ் என்ற கனிம ஆய்வாளர் வந்து சுரங்கத்துள் இறங்கினார். மேலேறி வந்ததும், வேடிக்கை பார்ப்பவர்போல் நின்ற ஓதுவாரிடம் பேச்சுக் கொடுத்தார்.

“ஐயா, இது அதிசயமான கல்லுங்க. அடுக்கடுக்கா படிஞ்சிருக்கு. எண்ணிப் பார்த்தேன், சரியா முப்பத்தொண்ணு. ஒவ்வொரு அடுக்கிலயும் நெல்லு உமி அச்சு விழுந்திருக்கு. வருஷத்துக்கு ஒண்ணா யாரோ வச்சுக் கட்டின மாதிரி.”

“எந்தப் பக்கத்துலேருந்து படிஞ்சிருக்கு, தம்பி?”

“ஈசானிய மூலைலேருந்து. அந்த வாய்மடைக்கு நேர் கீழதான் கனம் ஜாஸ்தி.”

ஓதுவார் வீடு திரும்பும் வழியில் மூன்று இடங்களில் உட்கார்ந்தார். அன்று மாலை பாடத் தொடங்கியபோது நாவில் செம்பின் கைப்பு ஊறியது. சுவாமிக்கும் தமக்கும் நடுவே பதினெட்டு அடி ஆழத்துக்குப் பச்சைக் கல் எழுந்து நிற்பதாகத் தோன்றவே, பாதிப் பதிகத்தில் நிறுத்திக் கைகூப்பிக்கொண்டு வெளியேறினார்.

நல்லக்கண்ணு மேல்முறையீடு செய்திருந்தார். ஆவணி முதல் வாரம் மேலதிகாரி நேரில் வந்து சுரங்கத்தின் விளிம்பில் நாற்காலி போட்டு அமர்ந்தார். சாட்சியை மறுபடி அழைத்தபோது ஓதுவார் செம்பும் கையுமாக வந்தார். தேய்ந்து தேய்ந்து வெயில் ஊடுருவும் அளவுக்கு அது மெலிந்திருந்தது.

“ஓதுவாரே, வெயில் ஏறிடுச்சு. உடம்பு சரியில்லாம எதுக்கு அலையுறீங்க? வீட்டுக்குப் போங்க” என்றார் மிராசுதார்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க.” ஓதுவார் அதிகாரியைப் பார்த்தார். “நான் சொன்னது பொய். இந்த வயலை முப்பத்தோரு வருஷமா உழுதது இவருதான். அறுப்புக்கு அறுப்பு இவர் கையால இந்தச் செம்புல நெல்லு வாங்கியிருக்கேன். வாங்கினப்புறம் அந்த மடையில உக்காந்து தேய்ச்சிருக்கேன். கீழ இருக்கறது அதுதான்.”

நல்லக்கண்ணுவை அவர் ‘இவர்’ என்றது அன்றுதான் முதல் தடவை.

“எதுக்குத் தேய்ச்சீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

ஓதுவார் கையிலிருந்த செம்பைக் குனிந்து பார்த்தார். பதிலை நல்லக்கண்ணு சொன்னார், கோபமில்லாமல், வயலின் எல்லை காட்டுபவர்போல: “நாங்க அளந்த நெல்லு பட்ட செம்புங்க அய்யா. அதான்.”

அவர் மனைவி அம்சம் அடக்கிக்கொள்ளவில்லை. “சாமியப் பாடுற வாயின்னு நம்பித்தானே உங்களைச் சாட்சிக்குப் போட்டோம்? செம்பைத் தேய்ச்ச தேய்ப்புக்கு அந்த வாயைக் கொஞ்சம் தேய்ச்சிருக்கலாம்ல?”



நல்லக்கண்ணுவின் பெயர் பதிவேட்டில் ஏறியது. ஓதுவாரின் கோயில் வேலை அந்த வாரமே போயிற்று. சுவாமிமலையில் ஸ்தபதி அந்தக் கல்லை உலையில் இட்டுப் பார்த்தார். செம்பு உருகி வரவில்லை, புழுங்கல் அவியும் மணம் மட்டுமே வந்தது. ஆகையால் கப்பியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நல்லக்கண்ணு வாய்மடையருகே ஒரு குழியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வண்டலால் நிரப்பி, ஐப்பசியில் நட்டார்.

தை பிறந்து அறுப்பும் முடிந்தது. ஓதுவாரை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் வந்தார். வரப்பில் நின்று பாடினார். குரல் இடையிடையே உடைந்தது. செம்பைக் கீழே வைத்தார். கால்கள் பழக்கத்தால் பத்தடி பின்னே போய்விட்டன. போனபின்புதான் அதை உணர்ந்து, முன்னே வரவும் துணியாமல் அங்கேயே நின்றார். நல்லக்கண்ணு மரக்காலை எடுத்தார். அம்சம் அவரைக் கையமர்த்திவிட்டு, செம்பைத் தூக்கிக்கொண்டு வாய்மடைக்குப் போனாள். மடியிலிருந்த புளியை எடுத்து, மண்ணைத் தொட்டு, நிதானமாகத் தேய்த்தாள்.

“எதுக்கும்மா?” என்று ஓதுவார் கேட்டார்.

“எங்க நெல்லு போற செம்பு, சாமி. சுத்தமா இருக்கணும்ல?”

செம்பு சிவந்து சுடர்விட்ட பிறகே நல்லக்கண்ணு நெல் அளந்தார். ஓதுவார் அதை இரு கைகளாலும் ஏந்தி வாங்கிக்கொண்டு, அப்படியே வீட்டுக்கு நடந்தார்.

பங்குனியில் குழியின் பக்கச் சுவரில் முப்பத்திரண்டாம் அடுக்கு படிந்திருக்கக் கண்டார்கள். ஓதுவார் அதன்பின் பதினைந்து அறுப்புகள் இருந்தார். பதினைந்திலும் வந்தார், பதினைந்திலும் அம்சம் தேய்க்கும்வரை தலைகுனிந்து காத்திருந்தார். கடைசி ஆண்டுகளில் செம்புக்குள் இருந்த நெல் வெளியிலிருந்தே தெரிந்தது. குழியில் இப்போது நாற்பத்தேழு அடுக்குகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் அங்கே பச்சைத் தண்ணீர் தேங்கும். மாடுகள் அதைக் குடிப்பதில்லை, நெல் குடிக்கிறது.