தேள் வெளியிட்ட பக்கம்

அறையில் இருந்தவர்கள்: மென்பொருள் திரைகளை வடிவமைக்கிற டிசைனர். பழைய திரையை எழுதிய புரோகிராமர், அதாவது அவளுடைய அண்ணன். பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்ட மேனேஜர். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு வாடிக்கையாளர் அம்மா. அவருக்கு டிசைனரின் அலுவலகம் வைத்திருந்த பெயர் தேள். அவருடைய புகார்க் கடிதங்கள் மரியாதையாகத் தொடங்கும், கடைசி வரியில் கொட்டும்.

தேள் வேலை பார்த்தது பல் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் விற்கிற கம்பெனியில். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று உதவிப் பக்கங்கள் எழுதுவது அவர் பொறுப்பு. அந்தப் பக்கங்களை எழுதவும், நிறம், லோகோ மாற்றவும், இணையத்தில் ஏற்றவும் ஒரு கருவி வேண்டுமே, அதைச் செய்து விற்றது டிசைனரின் கம்பெனி. கருவி பரவாயில்லை. ஒரே குறை, நிறத்தை மாற்றினால் எப்படி இருக்கும் என்பது வெளியிட்ட பிறகுதான் தெரியும். புதுச் சட்டையைத் தெருவில் நின்று போட்டுப் பார்ப்பது மாதிரி.

டிசைனர் அதை அடியோடு பிரித்துப் போட்டிருந்தாள். இப்போது இடப்பக்கம் மாற்றுகிற இடம், வலப்பக்கம் வாசகர் பார்க்கப்போகிற பக்கம். வெளியிடுவதற்கு முன் என்னென்ன போகிறது என்று ஒரு பட்டியல். ஒரு வருட உழைப்பு. மேனேஜர் அதன் தலையெழுத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"அந்தம்மா யாரையும் கேக்காம தானா வெளியிட்டாங்கன்னா புதுசு. இல்லன்னா பழசே இருக்கட்டும். நீ உன் திரைய மூட்டை கட்டிடு."

தேளும் சும்மா வரவில்லை. "பொம்மைப் பக்கமெல்லாம் எனக்கு வேண்டாம். என் நிஜப் பக்கத்துலயே பண்றேன். கெட்டுப்போச்சுன்னா உங்கள விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இந்த மாதிரி சோதனையில் பார்க்கிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, கையைக் காட்டக் கூடாது. டிசைனருக்குக் கை ஆடாமல் பேச்சே வராது. அதனால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"குளிருதா?" என்றான் அண்ணன், காதோரமாக. காலையில் ஒரே வண்டியில் வந்தபோது வழி முழுக்க வாய் திறக்காதவன். பழைய திரை அவன் பெற்ற பிள்ளை.

"வாய மூடுண்ணா."

தேள் நீலத்தைப் பச்சையாக்கினார். வலப்பக்கம் மொத்தமும் பச்சையானது. தேள் நாற்காலியோடு பின்னால் போனார்.

"ஐயையோ! வெளிய போயிடுச்சா?"

தேள் மூவரையும் திரும்பிப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். ஆஸ்பத்திரியெல்லாம் திறந்திருக்கிற நேரம். போயிடுச்சா இல்லையா?"

போகலம்மா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அதைச் சொன்னால் ஒரு வருடம் குப்பை. டிசைனர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தேள் பையைத் துழாவிப் போனை எடுத்தார். கம்பெனியின் உதவிப் பக்கத்தைத் திறந்தார். நீலம். திரையைப் பார்த்தார். பச்சை. மறுபடியும் போன். மறுபடியும் திரை.

"அட, ஒத்திகையா இது!"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மஞ்சள் அடித்தார், ஊதா அடித்தார். தலைப்பைப் பூசணிக்காய் அளவுக்கு ஊதினார். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தைப் போட்டு, எல்லாம் காணாமல் போனதும் தனியாகச் சிரித்தார். திரும்பப் பச்சைக்கே வந்தார்.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, கீழ வலது பக்கத்துல..."

"நான் கேட்டேனா சார்? நீங்க பிஸ்கட்ட சாப்பிடுங்க."

வெளியிடு என்ற பொத்தானை அவரே தேடி அமுக்கினார். பட்டியல் வந்தது. மூன்று பக்கங்கள். தேள் தொட்டது இரண்டுதான். மூன்றாவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கை போனுக்குப் போனது.

பழைய திரையில் ஒருவர் அமுக்கினால் மற்றவர்கள் அரைகுறையாக எழுதி விட்டதும் சேர்ந்தே வெளியே போகும். அதனால் தேளின் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிடுகிறவர் எல்லாருக்கும் போன் போட்டு, கையை எடுங்க, நான் வெளியிடப் போறேன் என்று கத்த வேண்டும். இந்த வழக்கம் டிசைனருக்கு நன்றாகத் தெரியும். பட்டியலைப் பார்த்தபிறகும் கை போனுக்குப் போகும் என்பதை மட்டும் அவள் யோசிக்கவேயில்லை.

எதிர்முனையில் மணி அடித்தது. மேனேஜர் தோல்வி என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

"ஹலோ, நான்தான். இங்க உன்னோட..." என்று ஆரம்பித்த தேள் நிறுத்தினார். கண் திரையில் இருந்தது. மூன்றாவது பக்கத்துக்கு நேரே எழுதியவர் பெயர். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். தேள் அந்த டிக்கை எடுத்தார். பட்டியலில் இரண்டு பக்கம் மிஞ்சியது.

"என்னக்கா, கைய எடுக்கணுமா?" என்றது போன்.

"வேண்டாம். நீ பாட்டுக்கு எழுது. இனிமே நீயும் நானும் ஒருத்தருக்கொருத்தர் காவல் இருக்க வேண்டாம்."

போனை வைத்தார். அமுக்கினார். தன் போனிலேயே பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தார். பச்சை. அரைகுறைப் பக்கம் வெளியே இல்லை.

டிசைனர் கைகளை உருவினாள். இரண்டும் மரத்துப்போயிருந்தன. மரத்த கையாலேயே மேஜையில் ஓங்கி அடித்தாள். பிஸ்கட் தட்டு துள்ளியது.

"அந்தப் பேரையும் டிக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்ச பாரு," என்றான் அண்ணன். "எனக்குத் தோணல."

"திரும்பச் சொல்லு."

"ஒரு தடவைதான். வீட்டுல கேட்டா மறுத்துடுவேன்."

மேனேஜர் எழுந்து சட்டையிலிருந்த துகளைத் தட்டினார். "இது வரும்னு எனக்கு அப்பவே தெரியும். புதுசையே விட்டுடலாம். சரிம்மா, முடிஞ்சுது, கிளம்பலாம்."

"யாருக்கு முடிஞ்சுது?" தேள் திரும்பவே இல்லை. "ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் அவங்க லோகோ, அவங்க நிறம்னு கேட்டு என் உயிர எடுக்கறாங்க. முடியாது முடியாதுன்னு சொல்லியே காலத்தத் தள்ளிட்டேன். இன்னிக்கே அத்தனையும் பண்ணிட்டுத்தான் எழுந்திருப்பேன். எல்லாரும் வெளிய போங்க."

"அம்மா, இது எங்க மீட்டிங் ரூம்."

"இருக்கட்டும்."

அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனான். டிசைனர் அடக்கவில்லை. தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டே போனாள். மேனேஜர் மட்டும் வாசல்படியில் திரும்பி, "ஒரே ஒரு விஷயம் மட்டும் காட்டிடறேன்மா..." என்றார்.

தேள் எழுந்து வந்து, அவர் முதுகு வெளியே போனதும் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டார்.